நினைவை இழந்தவரும் நினைவை ஆராய்ந்தவரும்

தேர்வு நெருங்கும் காலத்தில் மாணவர் பலரும் வாய்விட்டுச் சொல்லும் குறை ஒன்றுண்டு. "படிக்கிறேன், ஆனால் மனத்தில் நிற்கவில்லை" என்பதே அது. முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்த நான், அக்குறையைக் கேளாத ஆண்டு ஒன்றும் இல்லை. கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன விடையும் ஒன்றுதான்: "இன்னும் பத்து முறை படி." நினைவாற்றல் என்பது ஒரே ஆற்றல், அது சிலரிடம் மிகுந்தும் சிலரிடம் குறைந்தும் இருக்கும், குறைந்தவர் உழைத்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதுவே நெடுங்காலம் என் கொள்கையாக இருந்தது.

அக்கொள்கையால் நான் செய்த பிழை ஒன்றை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். நான்கடிச் செய்யுள் ஒன்றை நான்கு நாள் ஓதினாலும், ஐந்தாம் நாள் இரண்டாம் அடியிலேயே நின்றுவிடுவான். ஆண்டு முடிவில் அவனைப் பற்றிய குறிப்பேட்டில், "ஞாபக சக்தி மிகவும் குறைவு" என்று எழுதினேன். அதே சிறுவன் கைத்தொழில் வகுப்பில் வேறொருவனாக இருந்தான். இழைப்புளியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதை ஒருமுறை காட்டினால் போதும். மறுமுறை காட்ட வேண்டியதில்லை. அதை நானும் கண்டதுண்டு. ஆனால் அது நினைவாற்றலைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட்டேன்.

நான் ஒதுக்கியது எதனை என்பதைப் பின்னாளில் ஓர் அம்மையாரின் வரலாறு எனக்கு உணர்த்தியது. பிரெண்டா மில்னர் என்பது அவர் பெயர். மனித நினைவை மூளையோடு பொருத்தி ஆராய்ந்தவர் அவர். அறிதல்சார் நரம்பியல் என்று இன்று வழங்கும் துறை உருவாகக் காரணமாயிருந்தோருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது, தம் நினைவையே இழந்த மற்றொருவர் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருவரையும் பிரித்தால் இருவர் கதையும் விளங்காது.

பிரெண்டா 1918-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் லாங்ஃபோர்டு, 'மான்செஸ்டர் கார்டியன்' என்னும் நாளிதழில் இசைத் திறனாய்வாளராக விளங்கியவர். தாயார் அவரிடம் இசை பயின்றவர். எட்டு வயது வரையில் தந்தையே மகளுக்கு ஆசான். எண்ணும் எழுத்தும் வீட்டிலேயே கற்பித்தார். 1927-இல் அத்தந்தை மறைந்தார். இசைக் குடும்பத்தில் பிறந்தும் பிரெண்டாவுக்கு இசையில் நாட்டம் செல்லவில்லை. கணக்கிலேயே மனம் சென்றது. 1936-இல் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரியில் கணிதம் பயிலச் சேர்ந்தார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் பெண்கள் படிக்கலாம், தேர்வும் எழுதலாம், ஆனால் ஆடவரைப்போல் முழுமையான பட்ட உரிமை கிடையாது. அவ்வுரிமையை அப்பல்கலைக்கழகம் வழங்கியது 1948-இல்தான்.

கணிதத்தில் தாம் சிறந்த அறிஞராக வர இயலாது என்று பிரெண்டா விரைவில் உணர்ந்தார். உணர்ந்ததும் தயங்காமல் மனத்தின் இயல்பை ஆராயும் உளநூலுக்கு மாறினார். எடுத்த பாடத்தை இடையில் விடுவது தோல்வி என்று எண்ணும் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று. கணிதத்தில் பழகிய கூர்மை அவரை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் மனித மனத்தை அளந்தறிய அவர் வகுத்த ஒவ்வொரு சோதனையிலும் அது துணை நின்றது. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஆலிவர் சாங்வில். பழுதுற்ற மூளையை உற்று நோக்கினால் பழுதற்ற மூளையின் வேலையும் விளங்கும் என்ற உண்மையை அவரிடமே பிரெண்டா கற்றார். கடிகாரம் நின்ற பிறகுதான் அதற்குள் எந்தச் சக்கரம் எதற்கு உதவியது என்று பலர் கேட்கத் தொடங்குகின்றனர் அல்லவா? அது போன்றதே இதுவும்.

1939-இல் அவர் தேர்ச்சி பெற்றார். அவ்வாண்டே உலகப் போரும் மூண்டது. விமானப் படைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்கான திறனறி சோதனைகளை வகுக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் மால்வெர்ன் என்னும் ஊரில் ராடார்க் கருவி தொடர்பான ஆராய்ச்சியில் பணியாற்றினார். அங்கே பீட்டர் மில்னர் என்னும் மின்பொறியாளரைச் சந்தித்தார். 1944-இல் இருவரும் மணம் செய்துகொண்டு கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகருக்குச் சென்றனர். ஓராண்டில் திரும்பிவிடலாம் என்றே புறப்பட்டனர்; ஆனால் அந்நகரே பிரெண்டாவின் வாழ்நாட் பணிக்களம் ஆயிற்று.

மாண்ட்ரியாலில் பிரெஞ்சு மொழியில் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏழாண்டுக் காலம் அவர் உளநூல் கற்பித்தார். அதே நகரிலிருந்த மக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்னும் பேரறிஞர் இருந்தார். கற்றல் நிகழும்போது மூளையின் நரம்பணுக்களுக்கிடையே உள்ள தொடர்புகள் வலுப்பெறுகின்றன என்ற கருத்தை 1949-இல் நூலாக வெளியிட்டவர் அவர். அந்நூல் அச்சேறும் முன்பே அதன் கருத்துகளை மாணவரோடு அவர் விவாதித்த அரங்கில் பிரெண்டாவும் அமர்ந்திருந்தார். ஹெப்பிடமே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். 1950-இல், ஆய்வின்பொருட்டு, மாண்ட்ரியால் நரம்பியல் நிலையத்துக்குச் சென்றார். அதனை 1934-இல் நிறுவிய வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோய்க்கு அறுவை மருத்துவம் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர்.

அந்நாளில் நினைவைப் பற்றி அறிஞரிடையே நிலவிய கருத்து யாதென நாம் அறிந்துகொள்ள வேண்டும். கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க அறிஞர் எலிகளின் மூளையில் வெவ்வேறு பகுதிகளை அகற்றி, அவை கற்ற வழியை மறக்கின்றனவா என்று பல்லாண்டு சோதித்தவர். எப்பகுதியை அகற்றினாலும் நினைவு முழுதும் அழியவில்லை. அகற்றிய அளவுக்கு ஏற்பக் குறைந்தது. ஆகவே, நினைவுக்கென்று மூளையில் தனியிடம் கிடையாது என்ற முடிவுக்குப் பலரும் வந்திருந்தனர். 1950-ஆம் ஆண்டளவில் அதுவே பெரியோர் வாக்காக நின்றது.

அந்த வாக்கோடு பொருந்தாத இரு நோயாளிகளைப் பிரெண்டா மில்னர் கண்டார். ஒருவர் பொறியாளர், மற்றவர் கையுறைக்குத் தோல் வெட்டும் தொழிலாளர். வலிப்பு நோய் தீரும்பொருட்டு, இருவருக்கும் மூளையின் ஒரு பக்கத்துப் பொட்டு மடலின் உட்பகுதி அகற்றப்பட்டிருந்தது. பொட்டு மடல் என்பது, நெற்றிப் பொட்டுக்கும் காதுக்கும் உட்புறமாக இருபக்கமும் அமைந்துள்ள மூளைப் பகுதி. அதன் உள்ளோரத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஓர் உறுப்பு வளைந்து கிடக்கிறது. கடற்குதிரையின் வடிவை ஒத்திருப்பதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. இருவருக்கும் அறிவு மழுங்கவில்லை, பேச்சுக் குழறவில்லை, பழைய தொழிலும் மறக்கவில்லை. ஆனால் அறுவைக்குப் பின் நடந்த எதுவும் மனத்தில் தங்கவில்லை. என் நினைவை நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்று அப்பொறியாளர் கேட்டாராம். அக்கேள்விக்கு விடை காணும் பொறுப்பு மில்னரைச் சேர்ந்தது.

அதே அறுவையைச் செய்துகொண்ட மற்றையோர் பலரும் இத்தகைய இழப்பின்றி இருந்தனர். இவ்விருவருக்கு மட்டும் ஏன் இது நேர்ந்தது? பென்ஃபீல்டும் மில்னரும் ஒரு விளக்கம் கூறினர். அறுவை செய்யாத மறுபக்கத்திலும் இவ்விருவருக்கு முன்பே பழுது இருந்திருக்க வேண்டும். அதனால் ஒருபக்கத்தை அகற்றியபோது இருபக்கமும் இழந்தவர் ஆயினர் என்பதே அது. மண்டையைத் திறவாமல் உள்ளே காணும் கருவிகள் அன்று இல்லை. ஆதலின் அவ்விளக்கம் ஊகமாகவே நின்றது. அப்பொறியாளர் வேறொரு நோயால் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தனர். மறுபக்கத்து ஹிப்போகாம்பஸ் நெடுநாட்களுக்கு முன்பே சுருங்கிக் கிடந்தது. அம்முடிவு 1974-இல் வெளியாயிற்று. அறிவியலில் ஊகம் குற்றமன்று. பின்னாளில் சோதித்துப் பார்க்க இடம் தராத ஊகமே குற்றம்.

இனி, இவ்வரலாற்றின் மற்றொரு நாயகரைக் காண்போம். 1955-இல் சிகாகோ நகரில் கூடிய நரம்பியல் மாநாட்டுக்கென இவ்விரு நோயாளிகளைப் பற்றிய கட்டுரையின் சுருக்கம் அனுப்பப்பட்டது. அதைப் படித்த வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டுடன் தொடர்புகொண்டார். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பணிபுரிந்த அவர், தம் நோயாளி ஒருவருக்கும் இதே நிலை நேர்ந்திருப்பதாகத் தெரிவித்தார். அந்நோயாளியை உலகம் ஐம்பதாண்டுக் காலம் 'எச்.எம்.' என்ற இரண்டெழுத்தால் மட்டுமே அறிந்திருந்தது. நம் பள்ளிகளில் எச்.எம். என்றால் தலைமையாசிரியர், நானும் பல்லாண்டு அவ்வாறு அழைக்கப்பட்டவன். அதனால்தானோ என்னவோ, இவரைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது அந்த இரண்டெழுத்து என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

எச்.எம். 1926-இல் பிறந்தவர். பத்து வயதளவில் சிறு வலிப்புகளும், பதினாறு வயதில் பெருவலிப்புகளும் அவரைப் பற்றின. மருந்துகள் பயன் தரவில்லை. இருபத்தேழாம் வயதில் வேலைக்குச் செல்லவும் இயலாதவர் ஆனார். 1953-இல் ஸ்கோவில் அவருடைய மூளையின் இருபக்கத்துப் பொட்டு மடல்களிலும் உட்பகுதியை அகற்றினார். அது துணிந்து செய்த சோதனை முயற்சி என்பதை அவரே பின்னர் ஒளியாமல் எழுதினார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் நாள்தோறும் தம்மைப் பேணியவரை எச்.எம். அறியவில்லை, குளியலறைக்குச் செல்லும் வழியையும் அறியவில்லை. ஒரு நோயைப் போக்க முயன்ற கை, அவரறியாமலே அவருடைய நாளைய வாழ்வை எடுத்துக்கொண்டது.

1955-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மில்னர் மாண்ட்ரியாலிலிருந்து இரவு ரயிலேறி ஹார்ட்ஃபோர்டுக்குச் சென்றார். எச்.எம்.மைச் சோதித்தார். ஆண்டு யாதென்று வினவியபோது 1953 என்றார். வயது யாதென்று வினவியபோது இருபத்தேழு என்றார். உண்மையில் அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. சோதனை அறைக்குள் நுழையும் முன்புதான் ஒரு மருத்துவருடன் உரையாடியிருந்தார். ஆனால் எவரும் தம்மோடு பேசவில்லை என்று உறுதியாகச் சொன்னார். அவர் குடும்பம் அதே தெருவில் சற்றுத் தொலைவிலிருந்த வேறொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்து பத்து மாதங்கள் ஆகியும், புதிய முகவரி அவர் மனத்தில் ஏறவில்லை. பழைய முகவரி மறையவில்லை. படித்த இதழையே மீண்டும் புதிதாகப் படிப்பார். உண்டு அரைமணி நேரம் ஆகுமுன் உண்டதை மறப்பார். மில்னர் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பினால், முதன்முறை காண்பவர்போல் மரியாதையோடு வரவேற்பார்.

இவை கேட்டு, அவர் அறிவு மங்கியவர் என்று எண்ணிவிடலாகாது. அறுவைக்கு முன் அவருடைய நுண்ணறிவு ஈவு 104. அறுவைக்குப் பின் 112. ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவிற் கொள்ளுமாறு பணித்தனர். கால்மணி நேரம் கழித்துத் தவறின்றிச் சொன்னார். எவ்வாறு இயன்றது என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் வியப்பானது. மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17. அதில் எட்டைக் கழித்தால் 9. ஒன்பதை இரண்டாகப் பிரித்தால் ஐந்தும் நான்கும். இடையில் எட்டை வைத்தால் 584. இவ்வாறு இடைவிடாமல் உருப்போட்டுக்கொண்டே இருந்தார். வேறொரு பேச்சில் மனத்தைத் திருப்பிய சிறிது நேரத்தில், அந்த எண்ணும் போயிற்று. அந்த வழியும் போயிற்று. அப்படியொரு எண் தமக்குத் தரப்பட்டது என்பதே போயிற்று.

இதிலிருந்து மில்னர் கண்ட உண்மைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். நொடிப்பொழுது மனத்தில் தாங்கும் ஆற்றல் எச்.எம்.மிடம் இருந்தது. நெடுங்காலத்துக்கு முன் பதிந்த இளமை நினைவுகளும் இருந்தன. நொடிப்பொழுதில் தாங்கியதை நெடுங்கால நினைவாக மாற்றும் பாலம் மட்டும் இல்லை. ஆகவே, அப்பாலம் அகற்றப்பட்ட பகுதியில் இருந்திருக்க வேண்டும். இம்முடிவுக்கு எச்.எம். ஒருவரை மட்டும் அவர் சான்றாகக் கொள்ளவில்லை. ஸ்கோவில் அறுவை செய்திருந்த வேறு நோயாளிகளையும் தேடிச் சென்று சோதித்தார். பொட்டு மடலின் முன்நுனி மட்டும் அகற்றப்பட்டவரிடம் நினைவுக்குக் கேடில்லை. வெட்டு பின்னோக்கிச் சென்று ஹிப்போகாம்பஸை எட்டியவரிடமே கேடு கண்டார். 1957-இல் ஸ்கோவிலும் மில்னரும் இணைந்து வெளியிட்ட கட்டுரை, நினைவைப் பற்றிய ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. நினைவுக்கென்று மூளையில் தனியிடம் இல்லை என்ற பெரியோர் வாக்கு ஆட்டங்கண்டது.

அக்கட்டுரை கண்டுபிடிப்பை அறிவித்ததோடு நில்லாமல் எச்சரிக்கையும் செய்தது. இருபக்கத்து ஹிப்போகாம்பஸையும் ஒருங்கே அகற்றுவது எத்தகைய பேரிழப்பைத் தரும் என்பதை மருத்துவ உலகுக்கு அது உணர்த்தியது. தம் கையால் நேர்ந்த கேட்டைத் தாமே எழுதி வெளியிடப் பெயர் பெற்ற மருத்துவர் ஒருவருக்கு மனத்திண்மை வேண்டும். அச்செயலுக்கு ஸ்கோவிலைப் போற்றுகிறேன். எனினும், அவருடைய கத்தியால் இழந்தவர் இழந்தவரே என்பதையும் மறைத்தல் கூடாது. இரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு.

இனி, என் பழைய பிழையைச் சுட்டிக்காட்டிய பகுதிக்கு வருகிறேன். எச்.எம். எதையுமே புதிதாகக் கற்க இயலாதவரா என்று மில்னர் அறிய விரும்பினார். ஒரு தாளில் ஐம்முனை விண்மீன் ஒன்று இரட்டைக் கோடுகளால் வரையப்பட்டிருக்கும். அக்கோடுகளுக்கிடையே பென்சிலைச் செலுத்தி விண்மீனைச் சுற்றிவர வேண்டும். ஆனால் கையையும் தாளையும் நேரே காண இயலாது. எதிரே உள்ள கண்ணாடியில் தோன்றும் உருவத்தைக் கண்டே வரைய வேண்டும். நீங்களும் வீட்டில் முயன்று பாருங்கள். கை மேலே போக எண்ணினால் பென்சில் கீழே போகும். எவருக்கும் முதலிற் பிழைகள் மலியும். பழகப் பழகக் குறையும்.

எச்.எம். நாளொன்றுக்குப் பத்துமுறையாக மூன்று நாள் வரைந்தார். முதல் நாள் பிழைகள் மிகுந்தன; பின்னர்க் குறைந்தன. இரண்டாம் நாள் தொடக்கத்தில், முதல் நாள் முடிவில் பெற்ற திறமை பெரும்பாலும் நிலைத்திருந்தது. மூன்றாம் நாள் ஏறக்குறைய பிழையே இல்லை. ஆனால் முன்பு ஒருபோதும் இதைச் செய்ததாக அவருக்கு நினைவில்லை. கடினமாக இருக்குமென்று நினைத்தேன், எளிதாக வந்துவிட்டதே என்று அவரே வியந்தார். அவர் அறியாததை அவர் கை அறிந்திருந்தது!

1962-இல் வெளியான இம்முடிவின் பொருள் மிகப் பெரிது. நினைவு ஒன்றன்று, பல. "நேற்று இன்னது நடந்தது, இன்னாரைக் கண்டேன்" என்று வாயாற் சொல்லக்கூடிய நினைவு ஒருவகை. நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், இழைப்புளி பிடித்தல் என்று செய்கையால் மட்டுமே வெளிப்படும் நினைவு மற்றொரு வகை. முன்னதற்கு ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. பின்னதற்கு மூளையின் வேறு பகுதிகள் துணை செய்கின்றன. 1980-இல் நீல் கோஹன், லாரி ஸ்குயர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், நினைவிழந்த வேறு நோயாளிகளிடமும் இப்பாகுபாட்டைக் கண்டு உறுதிப்படுத்தினர். இன்று உளநூற் பாடநூல்களில் இது முதற்பாடமாக நிற்கிறது.

மில்னரின் பணி எச்.எம். ஒருவரோடு முடிந்துவிடவில்லை. இடப்பக்கப் பொட்டு மடலில் அறுவை செய்யப்பட்டவர் கேட்ட கதையையும் படித்த சொற்களையும் மறப்பதையும், வலப்பக்கத்தில் அறுவை செய்யப்பட்டவர் முகங்களையும் வடிவங்களையும் வழிகளையும் மறப்பதையும் பிரித்துக் காட்டினார். மூளையின் முன்மடலில் பழுதுற்றவர்க்குச் சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றுள் ஒன்றன்படி பிரிக்கும் சோதனையை வைத்தார். இடையில் விதியை மாற்றினால், தாம் செய்வது தவறு என்று வாயாற் சொல்லிக்கொண்டே பழைய விதிப்படியே பிரிப்பவர் அவருள் இருந்தனர். 1963-இல் இவ்வாய்வு வெளியாயிற்று. மேலும், மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் மருந்தால் உறங்கச் செய்து, மறுபாதி மட்டும் நினைவைத் தாங்குமா என்று அறுவைக்கு முன்பே அறியும் முறையை அவர் பயன்படுத்தினார். ஜுன் வாடா என்னும் மருத்துவர் மொழி எப்பக்கம் அமைந்துள்ளது என்று காண வகுத்த முறையே அது. அதனை நினைவுக்கும் உரியதாக்கினார் மில்னர். இரண்டு நோயாளிகளைப் பார்த்தபோது எழுந்த ஊகம், பின்வந்தோர்க்குக் காப்பாக அமைந்தது. மில்னரின் மனம் எதை நாடியது என்பதை இதில் காண்கிறோம்.

மில்னரின் மாணவி சூசன் கார்க்கின், 1962-இல் மாண்ட்ரியாலில் எச்.எம்.மைச் சந்தித்தார். பின்னர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பணியேற்று, எச்.எம். இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். ஆராய்ந்ததோடு அவர் நலனையும் பேணினார். அத்துணை ஆண்டும் எச்.எம். அவரை யாரென்று தெளிவாக அறியவில்லை; எங்கோ கண்ட முகம் என்று மட்டும் எண்ணினார். சோதனைகளுக்கு அவர் சலித்துக்கொண்டதில்லை. தம்மால் பிறர்க்கு நன்மை உண்டாகும் என்று நம்பினார். 2008-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அதன் பின்பே அவருடைய முழுப்பெயர் ஹென்றி மொலைசன் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் மூளை 2,401 மெல்லிய சீவல்களாகப் பகுக்கப்பட்டு ஆய்வுக்கென வைக்கப்பட்டது. 2014-இல் வெளியான அவ்வாய்வு, ஹிப்போகாம்பஸின் பின்பகுதியில் சிறிது எஞ்சியிருந்ததையும், இடது முன்மடலில் ஒரு சிறு வடு இருந்ததையும் காட்டியது. முன்னோர் முடிவுகளைத் திருத்திக்கொள்ளவும் அவர் மூளை உதவுகிறது.

மில்னருக்கோ பெருமைகள் பல வந்தன. 1979-இல் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் ஆனார். 2014-இல் ஜான் ஓ'கீஃப், மார்க்கஸ் ரெய்க்கில் ஆகியோருடன் காவ்லி பரிசைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றாறை எட்டிக்கொண்டிருந்தது. 2018-இல் நூறாண்டு நிறைந்தார். மாண்ட்ரியால் அந்நாளைக் கொண்டாடியது. தொண்ணூறு வயதைக் கடந்தும் நிலையத்துக்குச் சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் அவர். தம் வெற்றிக்குக் காரணம் பேரறிவன்று, எதையும் ஊன்றிக் கவனிக்கும் ஆவலே என்ற பொருள்படப் பலமுறை அவர் கூறியுள்ளார். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, பென்சிலும் தாளும் கண்ணாடியும் கொண்டு நினைவின் உட்பிரிவைக் கண்டவர் அவ்வாறு கூறுவது பொருத்தமே.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்குக் குறுக்குவழி ஏதும் கிடைக்கும் என்று நான் சொல்லவரவில்லை. எச்.எம்.முக்கு நேர்ந்தது உறுப்பிழப்பு. நீங்கள் செய்யுளை மறப்பது அவ்வாறானதன்று. அந்தச் சிறுவனின் இடர்ப்பாடும் வேறு. அதற்குக் காரணம் யாதென்று நான் ஆராயவேயில்லை. அதுவே என் குற்றம். மில்னர் ஒரு நோயாளியைக் கண்டபோது, இவர் நினைவிழந்தவர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடவில்லை. எதை இழந்தார், எதை இழக்கவில்லை என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார். அக்கேள்வியால் ஓர் அறிவுத்துறை பிறந்தது. நானோ, நாள்தோறும் என்முன் அமர்ந்திருந்த ஒரு சிறுவனைப் பற்றி அக்கேள்வியைக் கேட்காமல், நான்கு சொற்களை எழுதிக் கையொப்பம் இட்டேன்.

அச்சிறுவன் இன்று எங்கே இருக்கிறான் என்று அறியேன். அந்தக் குறிப்பேடும் இதற்குள் மக்கிப் போயிருக்கும். மீண்டும் எழுதும் வாய்ப்பு வாய்க்குமானால் இவ்வாறு எழுதுவேன்: "செய்யுளை மனப்பாடம் செய்ய இடர்ப்படுகிறான். கைத்தொழிலை ஒருமுறை கண்டால் மறப்பதில்லை." இவ்விரண்டும் நான் கண்ட உண்மைகள். முன்பு எழுதியது நான் கண்டதன்று, எண்ணிக்கொண்டது.